கூரான்பொட்டலுக்கு விருந்து வந்த மலை

உங்கள் வீட்டுக்கு ஒரு மலை விருந்தாளியாக வந்தால் அதை எங்கே உட்கார வைப்பீர்கள்? சிரிக்காமல் யோசித்துச் சொல்லுங்கள், ஏனென்றால் எங்களுக்கு யோசிக்க நேரம் கிடைக்கவில்லை. எங்கள் ஊர் கூரான்பொட்டல், கமுதிக்குத் தெற்கே, மிளகாயும் கருவேலங்கட்டையைக் கரியாக்குகிற கரிமூட்டமும் தவிர வேறு பேச்சில்லாத ஊர், தரையில் ஒரு தம்ளர் தண்ணீரைக் கொட்டினால் எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரியாமல் கொட்டிய இடத்திலேயே நின்று வற்றிப்போகிற அளவுக்குச் சமதரை. ஊரில் உயரமானது செல்போன் கோபுரம், அதற்கு அடுத்தது தண்ணீர்த் தொட்டி, அதற்கு அடுத்தது என் வீட்டுக்காரர் என்று கேலி பேசுவார்கள், அவர் ஆறடி.

நான் பாண்டிமீனா. ஊர் நடுநிலைப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குக் காலை உணவு சமைக்கிறேன். என் மகள் நாகஜோதி அதே பள்ளியில் ஏழாவது படிக்கிறாள், எடை இருபத்தாறு கிலோ, அதில் பாதி வாய். கெட்ட வாய் இல்லை, கூப்பிடுகிற வாய். யார் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடித்தாலும், கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, எங்க ஊருக்கும் ஒரு தடவ வந்துட்டுப் போங்க என்று சொல்லாமல் வரமாட்டாள். சிலிண்டர் போடுகிறவரைக் கூப்பிடுவாள், மீட்டர் கணக்கெடுக்க வருகிறவரைக் கூப்பிடுவாள், அவர் எங்கள் ஊரில்தான் நின்றுகொண்டிருப்பார், அப்போதும் கூப்பிடுவாள்.

"ஏடி, நீ கூப்பிட்டவுக எல்லாரும் ஒரே நாளு வந்துட்டா உலை யாருடி வைக்கிறது?" என்பேன்.

"நீதான். உனக்கென்ன, நூறு பேருக்கு உப்புமா கிண்டுற கை," என்பாள்.

புரட்டாசிக் கடைசியில், மழை இன்றைக்கு வரும் நாளைக்கு வரும் என்று கண்மாய் வாயைப் பிளந்துகொண்டு கிடந்த நாளில், பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சூழல் மன்றத்துப் பிள்ளைகள் முப்பத்திரண்டு பேரைத் தேன்பாறைக்குச் சுற்றுலா கூட்டிப்போனார்கள். ஸ்டெல்லா டீச்சருக்குத் துணையாக ஒரு பெண் ஆள் வேண்டும், வழியில் சமைக்கவும் ஆள் வேண்டும் என்று என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். மேற்கே போகப் போகப் பூமி எழுந்து நிற்பதை அன்றைக்குத்தான் பிள்ளைகள் பார்த்தார்கள். பதினொரு கொண்டை ஊசி வளைவிலும் பதினொரு தடவை வாந்தி எடுத்தார்கள், ஒவ்வொரு தடவையும் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துவிட்டு மறுபடியும் ஜன்னலுக்கு ஓடினார்கள், எடுக்க ஒன்றும் இல்லாமல் போன பிறகும் பார்க்க நிறைய இருந்ததால் ஜன்னலை விடவில்லை.

தேன்பாறை ஊரையே கயிற்றால் கட்டி வைத்தது போல இருந்தது. பள்ளத்துக்கு மேலே கயிற்றுப் பாலம், மரத்துக்கு மரம் கயிற்று ஏணி, பாறையில் இறங்கக் கயிறு, எல்லாவற்றுக்கும் மேலே, இந்தக் குன்றிலிருந்து அந்த மலைக்கு ஆள் பறந்து போகிற கம்பிக் கயிறு. அந்தக் கயிற்றடியில் நின்று பிள்ளைகளுக்கு இடுப்புப் பட்டை மாட்டிவிடுகிறவள் ரெஜினா. அவளுக்கு என் வயசா, என்னைவிட மூத்தவளா தெரியவில்லை, நான் அவளை அக்கா என்றேன், அவளும் என்னை அக்கா என்றாள், கடைசிவரை இரண்டு பேரும் அதைத் தீர்த்துக்கொள்ளவில்லை.

நாகஜோதியை இடுப்பில் கைவைத்துத் தூக்கிப் பார்த்துவிட்டு ரெஜினா கேட்டாள், "உங்க ஊர்ல சோறு போடுறாங்களா இல்லையா?"

"எங்கம்மாதான் பள்ளிக்கூடத்துக்கே ஆக்கிப் போடுறாக."

"அப்ப அம்மாவத்தான் கேக்கணும். பாப்பா, நீ ரொம்ப லேசு. பாதிக் கயித்துல நின்னுருவே. நின்னா அழாத, நான் வந்து இழுத்துக்கிறேன்."

சொன்ன மாதிரியே நின்றுவிட்டாள். மற்ற பிள்ளைகள் எல்லாம் சர்ரென்று போய் மலையில் இறங்க, கடைசியாகப் போன என் மகள் நட்டநடுவில், கீழே பள்ளமும் எதிரே மலையுமாகத் தொங்கினாள். ரெஜினா இழுகயிற்றை எடுத்துவந்து, மாட்டி, போய்ச் சேர்வதற்குக் கால் மணி நேரம் ஆனது. நான் குன்றின் விளிம்புக்குப் போய் நின்றுகொண்டேன். காற்று அவள் குரலை எங்கள் பக்கம் கொண்டுவந்தது.

"பயத்துல என்னமோ புலம்புறா மீனா," என்றார் ஸ்டெல்லா டீச்சர்.

"புலம்பல டீச்சர். பேசிக்கிட்டிருக்கா."

"யார்கிட்ட?"

எதிரே வேறு யார் இருந்தார்கள், மலைதான் இருந்தது. நான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். நல்லாருக்கீகளா, என்று கேட்டாள். நாங்க கூரான்பொட்டல்லருந்து வந்திருக்கோம், என்றாள். உங்க வீட்டுக் குளிரு ரொம்ப நல்லாருக்கு, தண்ணியும் நல்லாருக்கு, எத்தனையோ பேரு உங்களப் பாக்க வாராக, நீங்க மட்டும் எங்கயும் போனதில்லையாமுல்ல, எங்க ஊருக்கும் ஒரு தடவ வந்துட்டுப் போங்க, என்றாள். அதோடு விட்டாளா, வழியும் சொன்னாள். மதுரைக்கு வந்து, அங்கிருந்து கமுதி பஸ் பிடித்து, கமுதியில் மினிபஸ் ஏறி, கூரான்பொட்டலுக்குப் பாதை பிரிகிற விலக்கில் இறங்கி, பாண்டிமீனா வீடு எது என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள் என்றாள். அதற்குள் ரெஜினா வந்து இழுத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஊர் திரும்பினோம். செவ்வாய்க்கிழமை விடியற்காலை சமையல்கட்டுச் சாவியோடு பள்ளிக்கூடத்துக்கு நடந்தபோது மேற்கே இருட்டு கொஞ்சம் கூடுதலாக இருந்தது. நெருங்கிப் போனால், விலக்கை ஒட்டிய பொட்டலில், கருவேலங்காட்டின் மேல், உட்காரலாமா கூடாதா என்று தெரியாத விருந்தாளி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கிற மாதிரி மலை உட்கார்ந்திருந்தது. தோளில் பனித் துண்டு, நெற்றியில் ஒரு அருவி, இடுப்பில் பலாமரங்கள். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்த நினைப்பு, இன்றைக்கு அளந்து வைத்த ரவை பத்தாதே என்பதுதான்.

வீட்டுக்கு ஓடி நாகஜோதியை எழுப்பினேன். கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து பார்த்தாள். "வாங்க வாங்க," என்றாள். என் பக்கம் திரும்பி, "எம்மா, ஒரு கொடம் தண்ணி கொண்டா, அம்புட்டுத் தூரம் வந்திருக்காக," என்றாள். கொண்டுபோய் அதன் அடிவாரத்தில் ஊற்றினேன். வேறென்ன செய்ய, வந்தவர்களுக்கு முதலில் தண்ணீர் கொடுப்பதுதானே முறை.

பஞ்சாயத்துத் தலைவர் இருளாயி மதினி கொண்டையை முடிந்துகொண்டே வந்தார். "யாரு வீட்டுக்கு வந்திருக்கு?"

"எங்க வீட்டுக்குத்தான் மதினி. புள்ள கூப்பிட்டிருக்கா."

"கூப்பிட்டா முன்கூட்டி ஒரு வார்த்த சொல்ல வேண்டாமா? ரெண்டு லோடு சரளை அடிச்சு இடத்தச் சமன் பண்ணியிருப்போம்ல. வந்தவுக என்ன நெனப்பாக, ஊரு முள்ளாக் கெடக்குன்னு நெனைக்க மாட்டாக?"

அப்புறம் ஊரே கூடி விருந்தாளியைக் கவனித்தது. மலை என்ன சாப்பிடும் என்று மூன்று நாள் பேச்சு ஓடி, சாப்பிடாது, ஆனால் வைக்காமல் இருக்கக்கூடாது என்று முடிவாகி, தினம் ஒரு தெரு முறைவைத்து ஒரு வாழையிலை சோறு கொண்டுபோய் வைத்தது, அதை மலையிலிருந்து இறங்கி வந்த மந்திகள் சாப்பிட்டுவிட்டு இலையை மடித்துவிட்டுப் போயின, உள்பக்கமாகத்தான் மடித்தன, அதைப் பார்த்து எங்கள் சமையலின்மேல் ஊருக்கே பெருமை வந்தது. மினிபஸ் டிரைவர், திங்கட்கிழமை கடைசி நடையில் வண்டி ஏழு நிமிஷம் தாமதம், பின்னால் பாரமாக ஏதோ வந்தது, நான் கரிமூட்டை என்று நினைத்தேன் என்றார். கிராம நிர்வாக அலுவலர் சங்கிலியோடு வந்து ஒரு பகல் முழுக்க அளந்து, எந்த சர்வே எண்ணில் எவ்வளவு மலை என்று பிரித்து, அடங்கல் பதிவேட்டில் என்ன பயிர் என்று எழுதவேண்டிய கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்து, விருந்தினர் என்று எழுதிவிட்டுப் போனார்.

மலை மேற்கே உட்கார்ந்ததால் எங்களுக்கு நாலரை மணிக்கே பொழுது சாய்ந்தது. கோழிகள் பள்ளிக்கூட மணி அடிப்பதற்குள் கூண்டுக்கு வந்தன. பெண்கள் விளக்கேற்றிவிட்டு, டிவியில் நாடகம் போட இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறதே என்று புதிதாகக் கிடைத்த அந்த நேரத்தில் ஒருத்தி வீட்டுக்கு ஒருத்தி போனோம், பல வருஷமாகப் பேசாமல் இருந்த இரண்டு ஓரகத்திகள் போக வேறு வீடு இல்லாமல் பேசிக்கொண்டார்கள். ஆடுகள் ஏறக் கற்றுக்கொண்டன. ஊரில் ஒருவரும் அதுவரை அண்ணாந்து பார்த்துப் பழகாததால் எல்லோருக்கும் பிடரி வலித்தது, மலையிலிருந்த தைலமரத்து இலையையே பறித்துக் காய்ச்சித் தேய்த்துக்கொண்டோம். கரிமூட்டக்காரர்கள் மட்டும், எங்கள் கருவேலத்தின் மேல் உட்கார்ந்துவிட்டதே என்று முணுமுணுத்தார்கள். அதுவும் நாலாம் நாள் வரைதான்.

நாலாம் நாள் மத்தியானம் மேற்கேயிருந்து ஒரு மேகம் வந்தது. மழை மேகம் வருகிற தோரணையில் வரவில்லை, சந்தையில் தாய்மாட்டைத் தொலைத்த கன்றுக்குட்டி மாதிரி அங்கே முட்டி இங்கே முட்டித் தேடிக்கொண்டு வந்தது. மலையைக் கண்டதும் ஓடிவந்து அதன் மடியில் விழுந்து அழுதது. அந்த அழுகையைத்தான் நாங்கள் மழை என்றோம். அன்றைக்குத் தொடங்கி ஒருநாள் விட்டு ஒருநாள் மேகங்கள் வந்தன, மலையிலிருந்து தண்ணீர் இறங்கியது, சமதரையில் எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரியாத தண்ணீருக்கு மலை வழி காட்டியது, கண்மாயில் முதல் படி நனைந்தது, இரண்டாம் படி முங்கியது, மூன்றாம் படியில் என் மகள் உட்கார்ந்து கால் நனைத்தாள். மிளகாய் நாற்றுப் பாவ ஆரம்பித்தார்கள்.

எனக்கு அந்த நாட்களில் தலை கொஞ்சம் கனத்துத்தான் போனது, மறைக்க ஒன்றும் இல்லை. சுற்றுப்பட்டி ஜனமெல்லாம் டிராக்டர் கட்டிக்கொண்டு வந்து, மலைக்காரப் பிள்ளை எது, அதோட அம்மா எது என்று கேட்டார்கள். ரேஷன் கடையில் வரிசையில் வழிவிட்டார்கள். ஒரு பத்திரிகைக்காரர் வந்து மைக்கை நீட்டி, மலை எப்படிம்மா வந்துச்சு என்று நாகஜோதியைக் கேட்டார். "விலக்குல எறங்கி நடந்து," என்றாள். யார் யாரெல்லாமோ அந்த மலைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்களே, ஒருத்தருக்காவது அதை வீட்டுக்குக் கூப்பிடத் தோன்றியதா? என் மகளுக்குத் தோன்றியது. இதைச் சமையல்கட்டில் அகப்பைக்குச் சொன்னேன், குழாயடியில் குடத்துக்குச் சொன்னேன், என் வீட்டுக்காரருக்கு இருபது தடவை சொன்னேன். "நான் ஊர்ல மூணாவது உயரமாயிருந்தேன், உன் மக என்னய நாலாவதாக்கிட்டா," என்றார் அவர்.

பத்தொன்பதாம் நாள் ஒரு வேனில் தேன்பாறைக்காரர்கள் ஐந்து பேர் வந்து இறங்கினார்கள். நாலு பேர் ஆண்கள், மலையைப் பார்த்ததும் துண்டை வாயில் வைத்துக்கொண்டார்கள். ஐந்தாவது ஆள் ரெஜினா. அவள் நேராக மலைக்குப் போய், ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிற ஆளைத் தொடுவது போல ஒரு பாறையில் கைவைத்துப் பார்த்துவிட்டு, எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தாள். காப்பி கொடுத்தேன். குடித்தாள்.

"எங்க மலை நல்லாத்தான் இருக்கு அக்கா. கொஞ்சம் சதை போட்டிருக்கு," என்றாள்.

"எங்க ஊரு சோறு," என்றேன்.

அவள் சிரிக்க முயன்றாள், வரவில்லை.

பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் ஊர் கூடியது. ரெஜினா எழுந்து பேசினாள். அவள் கெஞ்சவில்லை, திட்டவும் இல்லை, நடந்ததை நடந்தபடி சொன்னாள். மலை போன மறுநாள் காலையில் வேலைக்குப் போனபோது கம்பிக் கயிறு அப்படியே இழுத்த மேனிக்கு நின்றதாம், ஒரு முனை இந்தக் குன்றில், மறு முனை ஒன்றுமில்லாததில், விழச்சொல்லி யாரும் சொல்லாததால் அது விழாமல் நிற்கிறதாம். மலை மறித்துவைத்திருந்த காற்றெல்லாம் இப்போது நேராக ஊருக்குள் வருகிறதாம், பிள்ளைகள் புத்தகப் பையில் கல்லைப் போட்டுக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போகிறார்களாம், கல் பத்தாத ஒரு பிள்ளை தபால் ஆபீஸ் கூரையில் போய் உட்கார்ந்துகொண்டதாம். மேகங்கள் வந்து தேடிவிட்டுத் திரும்பிப் போகின்றனவாம். சுனை வற்றி, தேனீக்கள் கூட்டைக் காலி செய்துவிட்டு, சுற்றுலா வருகிறவர்கள் பள்ளத்தை எட்டிப் பார்த்துவிட்டு அடுத்த ஊருக்குப் போகிறார்களாம். நானூறு வீடு, என்றாள். இன்னும் ஒரு மாசம் பார்ப்போம், அப்புறம் அவங்கவங்க பெட்டியக் கட்டணும், என்றாள்.

இருளாயி மதினிதான் முதலில் எழுந்தார். "தாயி, உங்க கஷ்டம் புரியுது. நாங்க மலையக் கட்டியா போட்டிருக்கோம்? அதுவா கெளம்புனா நாங்க மறிக்கப் போறதில்ல. ஆனா வந்த விருந்தாளியப் போன்னு சொல்ல எங்க ஊர்ல ஒருத்தருக்கும் நாக்கு வராது. அப்படி ஒரு பேரு எங்களுக்கு வேண்டாம்."

"அது எப்படிம்மா அதுவாக் கெளம்பும்?" என்றாள் ரெஜினா. "நீங்க தெருவுக்குத் தெரு இலை போடுறீங்க. இன்னும் ரெண்டு நாளு இருங்கன்னு ஒரு ஊரே கையப் புடிச்சா, வந்தவங்க எப்படி எந்திரிப்பாங்க?"

"கண்மாய்க்கு இன்னும் நாலு படி வேணும்," என்று பின்னாலிருந்து ஒரு குரல் உண்மையைச் சொல்லிவிட்டது. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். நானும்தான். என் மகள் கூப்பிட்டு வந்த மலை, என் மகளை ஊர் அறிந்தது அதனால், அது போய்விட்டால் நான் மறுபடியும் உப்புமா கிண்டுகிற பாண்டிமீனா.

"அப்ப இப்பிடிச் செய்வோம்," என்றார் மதினி. "தை பொறக்கட்டும். கண்மாய் நெறஞ்சிரும். அப்புறம் யோசிப்போம்."

ரெஜினா விரல் விட்டு மாசத்தை எண்ணினாள். மூன்றாம் விரலோடு உட்கார்ந்துவிட்டாள். ஜன்னல் பக்கம் பிள்ளைகள் கூட்டமாக நின்றிருந்தார்கள். அவர்களுக்குள் ஏதோ குசுகுசுப்பு, ஒரு பிள்ளை, நீ மட்டும் ஏதாச்சும் பேசின, உன்னய ரிங்கு ஆட்டத்துல சேத்துக்க மாட்டோம் பாரு, என்று சொல்வது கேட்டது. என் மகள் அவர்களை விலக்கிக்கொண்டு கூடத்துக்குள் வந்தாள்.

"அத்தே, ஒரு விஷயம்," என்றாள் மதினியைப் பார்த்து.

"சின்னப்புள்ள நீ போய் வெளையாடு."

"நாந்தான கூப்பிட்டேன்."

அது உண்மையாக இருந்ததால் மதினி, சொல்லு என்று கையைக் காட்டினார்.

"நான் என்ன சொல்லிக் கூப்பிட்டேன்னு எங்கம்மாவக் கேளுங்க. டீச்சரையும் கேளுங்க," என்றாள். "எங்க ஊருக்கு வந்து இருங்கன்னு சொல்லல. வந்துட்டுப் போங்கன்னுதான் சொன்னேன். அதுல போங்கங்கிறதும் இருக்கு. மலை அதக் கேட்டுட்டுத்தான் வந்துச்சு. வந்துருச்சு. நாம போகவிடாம வச்சிருக்கோம். அப்ப நான் சொன்னது பொய்யின்னுல்ல ஆகும்?"

நாங்கள் எல்லோரும் பிறந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிற வார்த்தை அது. வந்துட்டுப் போங்க. பஸ் ஸ்டாண்டில் சொல்கிறோம், கல்யாண வீட்டில் சொல்கிறோம், போனில் சொல்கிறோம். அதற்குள் ஒரு போங்க உட்கார்ந்திருப்பதை இருபத்தாறு கிலோ பிள்ளை ஒருத்தி எடுத்துக் காட்டவேண்டியிருந்தது. என் நெஞ்சு அப்போது விம்மியது பாருங்கள், மலை வந்தபோதுகூட அப்படி இல்லை. மூன்று வாரமாக நான் பெருமைப்பட்டதெல்லாம் கணக்கிலேயே சேராது என்று தோன்றியது.

"போகச் சொல்லுறதுன்னா எப்படிடி சொல்லுவ?" என்றார் மதினி, மெதுவாக.

"சொல்லவே வேண்டாம் அத்தே. எங்கம்மா சொல்லவா செய்யும்? வந்தவுக கெளம்புற நேரமாச்சுன்னா தட்டுல வெத்தல பாக்கு எடுத்து வைக்கும். அவுகளா எந்திரிச்சு, அப்ப வாறோம்னு சொல்லுவாக."

அவ்வளவுதான். இருளாயி மதினி என்னைப் பார்த்தார். நான் எழுந்தேன். "மதினி, வெத்தல என் பொறுப்பு," என்றேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"நம்ம ஊரு சொல்லுல பாதியத்தான் இதுவரைக்கும் செஞ்சிருக்கோம்," என்றார் மதினி கூட்டத்தைப் பார்த்து. "மிச்சப் பாதியையும் செஞ்சிருவோம். கண்மாயில மூணு படி தண்ணி இருக்கு. மூணு படிக்கு என்ன வெளையுமோ அது வெளையட்டும்."

மறுநாள் முழுக்க அந்த வேலைதான். மலைக்குத் தாம்பூலம் என்றால் சும்மாவா. வீட்டுக்கு ஒரு கவுளி வெற்றிலை, ஒரு படி பாக்கு, விரலி மஞ்சள், குங்குமம், தேங்காய் என்று சேர்த்ததில், வைக்கத் தட்டு இல்லாமல் நெல் காயவைக்கிற தார்ப்பாயை நாலாக மடித்துத் தட்டாக விரித்தோம். துணி வைக்கவேண்டுமே என்றபோதுதான் சிக்கல் வந்தது. மலை ஆணா பெண்ணா, வேட்டி துண்டா ரவிக்கைத் துணியா?

"உங்க மலைதான அக்கா, நீங்க சொல்லுங்க," என்றேன் ரெஜினாவிடம்.

அவள் யோசித்தாள். "நாங்க அத உயரம் என்னன்னுதான் போர்டு எழுதி வச்சிருக்கோம். இத யாரும் கேட்டதில்ல."

டெய்லர் பாக்கியம் அண்ணன் கடையைக் காலி செய்கிற மாதிரி எல்லாத் துணியையும் வெளியே எடுத்தார். "ரெண்டையும் வைப்போம். வேண்டியத எடுத்துக்கட்டும். ரவிக்கைன்னா எத்தன மீட்டருன்னு மட்டும் கேக்காதீக," என்றார். அதோடு எங்கள் ஊர் முண்டு மிளகாய் ஆறு மூட்டை. வெறுங்கையோடு யாரையும் அனுப்பி எங்களுக்குப் பழக்கமில்லை.

அதற்கு அடுத்த நாள் காலை, பிள்ளைகள் சாப்பிட்டுக் கை கழுவியபின், ஊர் முழுக்க அடிவாரத்தில் நின்றது. நாகஜோதி பள்ளிச் சீருடையோடு முன்னால் போய், தார்ப்பாய்த் தட்டைத் தொட்டு, இரண்டு கையையும் நீட்டி, "எடுத்துக்கங்க," என்றாள். போ என்ற சொல் அவள் வாயில் வரவில்லை, எங்கள் யார் வாயிலும் வரவில்லை, அதை நீங்களும் நாலு பேருக்குச் சொல்லுங்கள். மலை கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தது. பிறகு மேலேயிருந்து காற்று ஒன்று இறங்கி வந்து, வெற்றிலையை முதலில் எடுத்துக்கொண்டது, பாக்கை எடுத்துக்கொண்டது, துணியில் இரண்டையும் எடுத்துக்கொண்டது, மிளகாய் மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பலாமரத்தடியில் வைத்துக்கொண்டது, மிளகாய் நெடிக்கு ஒரு தும்மல் தும்மியது, அதில் ஊரிலுள்ள கூரை ஓடெல்லாம் ஒருதரம் குலுங்கி உட்கார்ந்தன. அதன்பின் மலை எழுந்தது. அரிசி மூட்டையைத் தரையில் இழுக்கிற மாதிரி சத்தம், அவ்வளவுதான். ஆடுகள் குதித்து இறங்கின. அது உட்கார்ந்திருந்த இடத்தில் முள் ஒன்றுகூட இல்லை, ஈரமண் உழவுக்குப் பக்குவமாக விரிந்து கிடந்ததைப் பார்த்து கரிமூட்டக்காரர்களே மண்ணை அள்ளி முகர்ந்தார்கள்.

மலை விலக்கு வரைக்கும் நடந்தது. அங்கே பஸ் நிற்கிற இடத்தில் நின்றது. நின்றது நின்றதுதான். வேனை முன்னால் விட்டுப் பார்த்தார்கள், மலை அசையவில்லை. தேன்பாறை ஆட்கள் கூப்பிட்டுப் பார்த்தார்கள், வடக்கே கொஞ்சம் திரும்பியது, தெற்கே கொஞ்சம் திரும்பியது, முதன்முதலாக டவுனுக்கு வந்த ஆள் மாதிரி விழித்தது. மினிபஸ் பின்னால் நின்று ஹாரன் அடித்தது. எனக்குத்தான் முதலில் விளங்கியது. வருகிற வழியைத்தான் என் மகள் சொல்லியிருந்தாள், போகிற வழியை அதற்கு யாரும் சொல்லவில்லை.

ரெஜினா என் கையைப் பிடித்தாள். பிள்ளையைக் கூட அனுப்பு என்று கேட்க வாயெடுத்தாள், கேட்கவில்லை. அவளும் பிள்ளைகளைக் கயிற்றில் அனுப்புகிறவள், தாய் முகம் தெரியும்.

நான் நாகஜோதியைப் பார்த்தேன். அவள் ஏற்கனவே சுருக்குப் போட்டிருந்த ஷூவை இன்னும் இறுக்கிக்கொண்டிருந்தாள். பயப்படவேண்டிய இடத்தில் நான் பயப்படாமல் இல்லை, அத்தனை தூரம், மதுரை தாண்டி, பதினொரு வளைவு. ஆனால் நான் காரியக்காரி, வீட்டுக்குப் போய் இரண்டு செட் துணி, எண்ணெய்ப் பாட்டில், சீப்பு, ஒரு தூக்குப் புளிச்சோறு எடுத்து வந்தேன். ரெஜினாவிடம் கொடுத்தேன். "அக்கா, தலைக்கு எண்ண வைக்காம விடாதீக, சிக்காயிரும். திரும்ப பஸ் ஏத்திவிடாதீக, நீங்களே கூட வந்து விடுங்க."

"நானே வருவேன் அக்கா."

நாகஜோதி மலையில் ஏறினாள். முதல் பாறை, இரண்டாம் பாறை, பலாமரம் தாண்டி அருவிக்குப் பக்கத்தில், எங்கள் தண்ணீர்த் தொட்டியைவிட உயரத்தில், செல்போன் கோபுரத்தைவிட உயரத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, மலையின் காதில் போலக் குனிந்து ஏதோ சொன்னாள். மலை வடக்கே திரும்பி அடியெடுத்து வைத்தது. மூன்று மேகங்கள் பின்னாலேயே போயின. ஊர் மொத்தமும் கையை ஆட்டியது. "மீனா, உம் மகளப் பாத்தியா," என்றார் இருளாயி மதினி. பார்க்காமல் என்ன, கண் தெரியாதபடி தண்ணீர் வந்தும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

விலக்கு தாண்டி இருக்கிற ரோட்டுப் பாலத்துக்குப் பக்கத்தில் போனபோது அவள் திரும்பி இரண்டு கையையும் வாயில் குவித்துக்கொண்டாள்.

"எம்மா, ஹெட்மாஸ்டர் சார்ட்ட எனக்கு நாலு நாளு லீவு சொல்லிரு. காச்சல்னு சொல்லாத. விருந்தாளியக் கொண்டுபோய் விடப் போயிருக்கேன்னு உள்ளதச் சொல்லு."